நெல்லை மலைப்பாதைகளுக்கு வழிகாட்டி நூல் எழுதுவது எப்படி: அனுமதிக் கடிதம் முதல் திருத்திய பதிப்பு வரை

பொதிகை, களக்காடு, குற்றாலம் பக்கத்து மலைகளில் நடந்து பழகியவர்கள் ஒரு கட்டத்தில் ‘இதையெல்லாம் புத்தகமாப் போட்டா என்ன?’ என்று கிளம்புவது உண்டு. பாதியில் நின்றுபோன கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் வேலையின் வரிசையில்தான் இருக்கிறது. முதலில் நடக்கிறார்கள், பிறகு எழுதுகிறார்கள், அச்சுக்குப் போகும்போது அனுமதி பற்றி யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசையைக் கலைக்காமல் போனால் ஒரே பாதையை மறுபடி மறுபடி நடந்து அளக்கும் வேலை மிச்சமாகும்.

1. முதலில் பட்டியல், அதிலும் முதலில் வெட்டு

மனதில் உள்ள பாதைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, யாரும் போகக்கூடியது. கடையம் பக்கத்துத் தோரணமலை முருகன் கோயில் படிப்பாதை இந்த வகை. இரண்டாவது வகை, செக்போஸ்டில் பதிவோ வனத்துறை அனுமதியோ நேரக் கட்டுப்பாடோ உள்ளது. திருக்குறுங்குடி மலைநம்பி கோயில், காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம், மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலை ஏறும் சாலை எல்லாம் இதில் சேரும். மூன்றாவது வகை, பொதுமக்களுக்கு மூடியது. பாணதீர்த்தத்துக்கு மேலே பூங்குளம் பக்கம், வரையாடு மேயும் புல்மேடுகள், மலைவாழ் பழங்குடிகளான காணிக்காரர்கள் தங்கள் குடியிருப்புகளுக்கிடையே நடக்கும் தடங்கள்.

மூன்றாவது வகையை இப்போதே அடித்துவிடுங்கள். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988ல் இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து உருவானது; அதன் மையப் பகுதி மட்டும் 895 சதுர கிலோமீட்டர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 27ஆம் பிரிவின்படி அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதே குற்றம். ‘தைரியமானவர்கள் போகலாம்’ என்று ஒரு வரி அச்சில் வந்தால் வழக்கு வாசகர் தலையில் விழும். ஆபத்து அதோடு நிற்பதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. உங்கள் பாதை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் நாள் வேலை.

அகத்தியமலை உச்சி (1,868 மீட்டர்) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாபநாசத்தில் நின்று பார்த்தால் நம் வீட்டு மலை மாதிரித்தான் தெரியும். ஆனால் நடக்க அனுமதி உள்ள வழி கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டம் போனக்காட்டிலிருந்து தொடங்குகிறது. அனுமதி தருவது கேரள வனத்துறை. நூலில் இதை விட்டுவிட்டால், வெளியூர்க்காரர் நேரே முண்டந்துறை செக்போஸ்டில் வந்து நின்று தகராறு செய்வார்.

2. அனுமதிக் கடிதம்

காப்பகத்துக்குள் இருக்கும் பாதைகளுக்கு அம்பாசமுத்திரம், களக்காடு என இரண்டு கோட்டங்கள். எந்தப் பாதை எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு அந்தக் கோட்டத்துத் துணை இயக்குநருக்கு எழுதுங்கள். காப்பகத்துக்கு வெளியே என்றால் மாவட்ட வன அலுவலர். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு குற்றாலம் பக்கத்து விஷயங்களுக்குத் திருநெல்வேலிக்கு எழுதிப் பயனில்லை. பழைய முகவரிக்குக் கடிதம் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: நடப்பவர்கள் பெயர், அடையாள அட்டை நகல், எந்த ரேஞ்ச் (வனச்சரகம்), எந்தப் பாதை, தேதிகள், மாற்றுத் தேதிகள், கொண்டுபோகும் கருவிகள், நோக்கம். ‘நூலுக்காகத் தூரம் அளந்து படம் எடுக்க’ என்று நோக்கத்தைத் தெளிவாக எழுதுங்கள். சட்டத்தின் 28ஆம் பிரிவில் சுற்றுலா, படம் எடுத்தல், ஆய்வு எல்லாம் தனித்தனி நோக்கங்கள். ‘சும்மா சுற்றிப் பார்க்க’ என்று வாங்கிய அனுமதியோடு தூரம் அளக்கும் அளவைச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனால், ரேஞ்சர் நிறுத்திக் கேட்பது நியாயம்தான்.

ஒரு மாதமாவது முன்கூட்டிக் கொடுங்கள். காட்டுத்தீக் காலம் (பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை), புலிக் கணக்கெடுப்பு நாட்கள், சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசைக் கூட்டம், இந்த மூன்றையும் தவிர்த்துத் தேதி கேட்டால் கடிதம் திரும்பி வராது.

கூட வரும் வேட்டைத் தடுப்புக் காவலரின் கூலி, சாப்பாடு யார் பொறுப்பு என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அணைகளின் மதகு, சுவர், மின்நிலையம், மகேந்திரகிரிப் பக்கத்து இஸ்ரோ வளாகம் ஆகியவற்றைப் படமெடுக்கவோ விவரமாக வரையவோ கூடாது என்று குழுவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

3. சாமான்கள்

ஜிபிஎஸ் தடம் பதியும் செயலி உள்ள இரண்டு போன்கள். ஒன்று நனைந்தால் மற்றது. 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று. காற்றழுத்தத்தால் உயரம் காட்டும் கைக்கடிகாரம் இருந்தால் நல்லது. 50 மீட்டர் நாடா. தடித்த அட்டை போட்ட சிறு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கு மழையில் மை கரைந்து பக்கம் முழுக்க நீலமாகிவிடும். அட்டைக்கடிக்கு முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி உறையும் உப்பு முடிச்சும். விசில்.

அளவைச் சக்கரம் சாலைக்கும் படிக்கும் இடைப்பட்ட மண்பாதையில்தான் பயன்படும். பாறையில் துள்ளும், ஓடையில் நின்றுவிடும். உருட்டும் முன் சமதளத்தில் நாடாவால் 100 மீட்டர் அளந்து சக்கரம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 102 காட்டினால் அந்த விகிதத்தில் எல்லா அளவையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

4. நடக்கும் முன் வரைபடம்

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 தாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண் முறையில் நம் மலைகள் 58 எச் தொகுதியில் வருகின்றன: குற்றாலம் 58 எச்/5, பாபநாசமும் மாஞ்சோலையும் 58 எச்/6, திருக்குறுங்குடி 58 எச்/11. சம உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) 20 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கும்.

பாதை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று வீட்டிலேயே எண்ணி, 20ஆல் பெருக்கிக் குறித்துவையுங்கள். மலையில் போன் காட்டும் ஏற்றம் சரியா தவறா என்று சொல்ல இந்தக் கணக்கை விட்டால் வேறு துணை இல்லை.

தாளில் உள்ள ஒற்றையடிப் பாதைகளை அப்படியே நம்பக் கூடாது. பல தடங்கள் தோட்டத்திலும் கூப்பிலும் (மரம் வெட்டும் காட்டுப்பகுதி) வேலை நடந்த காலத்தவை. இன்று ஈத்தைக்காடு (நாணல் மாதிரி அடர்ந்த மூங்கில்) மூடிக் கிடக்கும்.

5. தூரமும் உயரமும்: ஏமாற்றும் இடங்கள்

தூரத்துக்கு ஜிபிஎஸ் தடம் போதும் என்று நினைப்பவர்கள் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள்.

ஒன்று, உட்கார்ந்திருக்கும்போதும் பதிவு ஓடிக்கொண்டிருப்பது. மரநிழலில் புள்ளி நிலையாக நிற்காது, அங்குமிங்கும் அலையும். அரைமணி நேரம் சாப்பிட உட்கார்ந்தால் நடக்காத தூரம் கணக்கில் ஏறிவிடும். ஆகவே உட்கார்ந்தால் பதிவை நிறுத்துங்கள். இரண்டு, மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பதிவு இடைவெளியை ஒரு நிமிடம் என்று வைப்பது. கொண்டைஊசி வளைவுகளில் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு போட்டு, தூரத்தைக் குறைத்துக் காட்டும். 5 நொடிக்கு ஒரு புள்ளி சரியாக இருக்கும்.

ஏறும்போது ஒரு பதிவு, இறங்கும்போது ஒரு பதிவு எடுத்து ஒப்பிடுங்கள். வேறுபாடு நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால் சராசரியைப் போடலாம். அதற்கு மேல் போனால் மறுபடி நடக்க வேண்டியதுதான். நூலில் 100 மீட்டருக்கு முழுமையாக்கி ‘3.4 கி.மீ.’ என்று எழுதுங்கள். ‘3.437 கி.மீ.’ என்பது வாசகரிடம் பொய்த் துல்லியம் காட்டுவது.

உயரத்தில்தான் நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. செயற்கைக்கோள் உயரம் பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிடப்படுவது. உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு ஒத்துப் போவதில்லை. இந்தியாவின் தென்முனையில் அது 90 முதல் 100 மீட்டர் வரை கீழே இருக்கிறது. திருத்தம் செய்யாத செயலி, திருச்செந்தூர்க் கடற்கரையில் நின்றால் மைனஸ் 90க்கு மேல் காட்டும். இன்னொரு செயலி தானே திருத்திச் சரியாகக் காட்டும். ஒருவர் ஒரு செயலியிலும் மற்றவர் வேறு செயலியிலும் எடுத்த உயரங்களைக் கலந்துவிட்டால், மலையடிவாரம் ஒரே நூலில் இரண்டு உயரத்தில் இருக்கும்.

சோதிக்க எளிய வழி உண்டு. ரயில் நிலையப் பெயர்ப் பலகையில் கடல்மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருப்பார்கள். அம்பாசமுத்திரத்திலோ தென்காசியிலோ பலகைக்குக் கீழே நின்று போனைப் பாருங்கள். ஐந்தாறு மீட்டர் வித்தியாசம் என்றால் செயலி திருத்திக் காட்டுகிறது. தொண்ணூற்றுச் சொச்சம் குறைந்தால் அமைப்பில் மாற்ற வேண்டும். கைக்கடிகாரத்தின் காற்றழுத்த உயரத்தையும் அங்கேயே அந்த எண்ணுக்கு அமைத்துக்கொள்ளலாம். வானிலை மாறினால் அது நகரும் என்பதால் அன்றன்று காலையில் புதிதாக அமைக்க வேண்டும்.

மொத்த ஏற்றத்துக்குச் செயலி காட்டும் கூட்டுத்தொகையை எழுதாதீர்கள். சமதளத்திலும் எண் இரண்டு மீட்டர் ஏறி இரண்டு மீட்டர் இறங்கும். அந்த நடுக்கம் எல்லாம் சேர்ந்து ஏற்றமாகிவிடும். 10 மீட்டருக்குக் குறைந்த ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டுக் கூட்டி, வீட்டில் எண்ணிய சம உயரக் கோட்டுக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

6. கிளைகள்

நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரான பாதைக்கு வழிகாட்டி தேவையில்லை. ஆள் காணாமல் போவது கிளையில்தான், அதுவும் எழுத்தாளருக்குக் கிளையாகவே தெரியாத கிளையில். பழகிய கால் தானாகத் திரும்பிவிடும், கண் கவனிக்காது. அதனால்தான் பாதையை நன்றாகத் தெரிந்தவர் எழுதும் குறிப்பு, தெரியாதவரைவிட மோசமாக இருப்பது சகஜம்.

ஒவ்வொரு கிளைக்கும் அந்த இடத்திலேயே நின்று நான்கு விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை கிலோமீட்டரில் வருகிறது, நம் பாதை எப்படி இருக்கும், மற்ற பாதை எப்படி இருக்கும், தவறாகப் போனால் எவ்வளவு தூரத்தில், எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தவறான கிளையில் காவலரோடு 200 மீட்டர் நடந்து பார்க்காமல் அதை எழுத முடியாது, சோம்பல்தான் காரணம். ஆனால் வழிதவறிய ஆளை உண்மையில் திருப்பிக் கொண்டுவருவது அந்த வரிதான்.

நம் மலைகளில் தவறான கிளை பெரும்பாலும் சரியானதைவிட அகலமாக இருக்கும். ஆனைத்தடம் நல்ல அகலம், சீரான சரிவு, கல் குறைவு. கால் தானாக அந்தப் பக்கம் போகும். போய்ப் போய் ஈத்தைக்காட்டிலோ ஆற்றின் ஆழமான கசத்திலோ முடியும். அடிவாரத்தில் மாட்டுத்தடங்கள் பின்னல் பின்னலாகக் கிடக்கும், அவையும் இதே வேலையைச் செய்யும். பழைய தோட்டச் சாலைகள் இன்னொரு வகை. ‘அகலமான பாதையில் செல்க’ என்ற வாக்கியத்தை இந்த நூலில் எங்கும் எழுதாதீர்கள்.

அடையாளத்துக்கு நகராத பொருளைத் தேர்ந்தெடுங்கள். ஓடைகள் சேருமிடம், சிமெண்டுத் தடுப்பணை, எண் எழுதிய பாலம், வெட்டுக்கல், தனிப்பாறை, பீடம் ஆகியவை நிற்கும். விழுந்த மரம், கட்டிய ரிப்பன், தகரப் பலகை, டீக்கடை ஆகியவை அடுத்த பதிப்புவரை இருக்காது. பலகையை ஆனை சாய்த்துவிடும்.

இடம், வலம் என்பது நடக்கும் திசைக்கு என்று முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிட்டு மாறாமல் பின்பற்றுங்கள். ஆற்றங்கரைக்கு மட்டும் இடம் வலம் வேண்டாம். சிலர் ஓட்டத்தைப் பார்த்து நின்று சொல்வார்கள், சிலர் ஏறும் திசையில் நின்று சொல்வார்கள். தென்கரை, வடகரை என்றால் குழப்பமில்லை.

இறங்கும்போது கிளைகளை மறுபடி குறிக்க வேண்டும். ஏறும்போது பின்னாலிருந்து வந்து சேரும் தடம் கண்ணில் படாது. இறங்கும்போது அதே இடம் இரண்டாகப் பிரியும், இருட்டும் நேரமாகவும் இருக்கும்.

இடப்பெயரை உள்ளூரில் சொல்கிறபடியே எழுதுங்கள். தாளில் ஒன்றும் செக்போஸ்டில் ஒன்றும் இருந்தால் இரண்டையும் ஒருமுறை தந்துவிட்டு, பிறகு உள்ளூர்ப் பெயரை மட்டும் பயன்படுத்துங்கள். வழி கேட்கும்போது அதுதான் உதவும். நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள்.

7. நேரக் கணக்கு

உங்கள் வேகத்தை நூலில் போடாதீர்கள். எல்லாப் பாதைக்கும் ஒரே சூத்திரம் வேண்டும். அப்போதுதான் வாசகர் ஒரு பாதையில் தன் வேகத்தைத் தெரிந்துகொண்டு மற்றவற்றுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ள முடியும்.

ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892ல் சொன்ன கணக்கை மெட்ரிக்கில் மாற்றினால் கிலோமீட்டருக்கு 12 நிமிடம், 100 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக 10 நிமிடம். அமெரிக்காவின் வெள்ளை மலைகளுக்கு அப்பலாச்சியன் மவுண்டன் கிளப் 1907 முதல் பதிப்பு மாற்றிப் பதிப்பாக வெளியிட்டுவரும் வழிகாட்டி நூல், மைலுக்கு அரைமணி, ஆயிரம் அடி ஏற்றத்துக்கு அரைமணி என்று வைக்கிறது. நம் அளவில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 நிமிடம், 100 மீட்டருக்கு 10 நிமிடம். ஏற்றக் கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் சமதள வேகத்தில்.

6 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் உள்ள பாதைக்கு முதல் கணக்குப்படி 2 மணி 12 நிமிடம், இரண்டாவதுபடி 2 மணி 54 நிமிடம். வேரும் கல்லும் நிறைந்த நம் பாதைகளுக்கு இரண்டாவதே பொருந்தும். பத்து மணிக்கு மேல் வெயிலில் கிழக்குச் சரிவு ஏறுவது என்றால் அதுவும் போதாது, கால்பங்கு கூட்டுங்கள். இறக்கத்துக்கு நேரத்தைக் குறைக்க வேண்டாம். ஈரப்பாறையில் இறங்குவது ஏறுவதைவிட மெதுவாகத்தான் நடக்கும்.

செக்போஸ்ட் மூடும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ‘இந்த மணிக்குள் இந்த இடத்தைத் தாண்டவில்லை என்றால் திரும்புக’ என்று ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வரி தாருங்கள்.

8. மழை, ஆறு, மிருகம், தண்ணீர்

அம்பாசமுத்திரத்தில் வெயிலடிக்கும்போது ஊத்திலும் நாலுமுக்கிலும் கொட்டிக்கொண்டிருக்கலாம். கீழே ஓடையில் தண்ணீர் ஏறுவது அந்த மழையால்தான். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து மழையளவையும் அணை நீர்மட்டத்தையும் மாவட்ட நிர்வாகம் நாள்தோறும் வெளியிடுகிறது. வாசகர் கிளம்பும் முன் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியல் என்று ஆறு கடக்கும் ஒவ்வொரு பாதையின் தலையிலும் எழுதுங்கள்.

ஓடை கடக்கும் இடத்துக்கு உடம்பில் அளவு சொல்லுங்கள். ‘தண்ணீர் அதிகமாக இருந்தால்’ என்பதற்கு அர்த்தமில்லை. ‘முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் திரும்புக’ என்றால் யாருக்கும் புரியும். பருவத்தையும் பிரித்து எழுத வேண்டும்: குற்றாலம் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை; மணிமுத்தாறு, களக்காடு பக்கத்துக் கிழக்குச் சரிவுகளுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குதான் பெரிய மழை. எல்லாவற்றுக்கும் ‘மழைக்காலம் தவிர்க்க’ என்று ஒரே வரி போடுவது வெளியூர் நூல்களைப் பார்த்து எழுதுகிறவர்கள் வழக்கம்.

குடிதண்ணீர் கிடைக்கும் இடத்தோடு மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஜனவரியில் ஓடும் ஊற்று ஏப்ரலில் ஈரமாக மட்டும் இருக்கும்.

ஆனை, கரடி, காட்டுமாடு பற்றி இரண்டு பக்கம் வர்ணிக்க வேண்டாம். எந்த வளைவில் எதிரே பார்க்க முடியாது, எந்த ஓடையில் விடியலிலும் அந்தியிலும் மிருகம் தண்ணீருக்கு வரும் என்று காவலரிடம் கேட்டு இடத்தோடு எழுதுங்கள். பாறைச் சரிவில் பெருந்தேனீக் கூடு கட்டும் இடங்களையும் குறியுங்கள். பாம்புக்கடிக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் உள்ள விஷமுறிவு ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்கானது. காட்டில் உள்ள குழிவிரியனுக்கு அது வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஆகவே மிதிக்காமல், கைவைக்காமல் நடப்பது எப்படி என்பதற்குக் கூடுதல் இடம் கொடுங்கள். போனில் சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடத்தைக் கிலோமீட்டரோடு எழுதுங்கள். 108க்கு அழைக்க எவ்வளவு தூரம் திரும்பி நடக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

அரிய ஆர்க்கிட், சிங்கவால் குரங்குக் கூட்டம், வரையாடு தங்கும் பாறை ஆகியவற்றின் இடத்தை எழுதவே கூடாது. வாசகருக்கு முன்னால் வேட்டைக்காரர் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுவார்.

9. எழுதும் முறை

பாதைக்கு இரண்டு பக்கம் போதும். மேலே ஒரு கட்டம்: தூரம், ஏற்றம், நேரம், அனுமதி, மாதம், தண்ணீர், கடைசியாக நடந்து பார்த்த மாதமும் ஆண்டும். கீழே கிலோமீட்டர் வாரியாகக் குறிப்பு. வடிவம் விளங்க ஒரு கற்பனைப் பாதை:

0.0 – செக்போஸ்ட் கம்பிக்கதவு. பதிவேட்டில் பெயர் எழுதுக. கதவின் வலப்பக்கச் சந்தில் நுழைக.

0.9 – சிமெண்டுத் தடுப்பணை. அதற்கு 10 மீட்டர் மேலே ஓடையைக் கடக்க. தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் திரும்புக.

1.4 – கிளை. நேரே போகும் அகலத் தடம் ஆனைத்தடம். நம் பாதை வலக்கையில், குறுகிய கல்படியாக ஏறும். படி தெரியாமல் 200 மீட்டரில் ஈத்தைக்காடு வந்தால் தவறிவிட்டீர்கள், திரும்புக.

2.3 – தனிப்பாறை, மேற்கே சரிவு. சிக்னல் இங்கே கடைசி. 10:30க்குள் இங்கே வராவிட்டால் திரும்புக.

செயலைச் சொல்லும் வினை எல்லா வரியிலும் இருக்கட்டும். ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘மனம் மயக்கும் பசுமை’ எல்லாவற்றையும் வெட்டுங்கள். மழையில் ஒரு கையில் குடையோடு படிப்பவருக்கு அவை இடைஞ்சல். வாக்கியம் நடக்கும் வரிசையிலேயே போக வேண்டும். ‘வலது பக்கம் திரும்புக, அதற்கு முன் ஓடையைக் கடக்க’ என்று எழுதினால் பாதிப்பேர் ஓடைக்கு முன்பே திரும்பிவிடுவார்கள்.

10. தெரியாதவரை நடக்கவிட்டுப் பார்ப்பது

அந்த மலைப் பக்கமே வராத ஒருவர் கையில் குறிப்பைக் கொடுத்து, அவரை முன்னால் விட்டு, காவலரும் நீங்களும் இருபது மீட்டர் பின்னால் வாய் திறக்காமல் நடங்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஓட்டை இருக்கிறது. எங்கே தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரோ அங்கே வாக்கியம் நீளம். தவறாகத் திரும்பினால் உடனே கூப்பிடாதீர்கள். கிளைக் குறிப்பில் நீங்கள் எழுதிய நான்காவது விஷயம் அவரைத் திருப்புகிறதா என்று ஐம்பது மீட்டராவது பாருங்கள். அவர் பெயரும் அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குக் காவலரையோ, உடன் நடந்த நண்பரையோ வைத்தால் பயனில்லை. அவர்கள் குறிப்பைப் படிப்பதே இல்லை.

11. இருவர் சேர்ந்து எழுதினால்

இருவர் எழுதுவது நல்லது. ஒருவருக்குத் தெரியாத கிளை மற்றவருக்குத் தெரியும். ஒருவர் ஏற்றத்தையும் மற்றவர் இறக்கத்தையும் குறிக்கட்டும். ஆனால் கடைசி வரைவை ஒருவரே எழுத வேண்டும். இல்லையென்றால் ஒரு அத்தியாயத்தில் ‘ஓடை’ ஆனது அடுத்ததில் ‘சிற்றாறு’ ஆகி, வாசகர் இரண்டு நீர்நிலைகளைத் தேடுவார். அளவில் கருத்து வேறுபாடு வந்தால் பேசித் தீர்க்க வேண்டாம், மூன்றாவது முறை அளந்து தீருங்கள்.

உரிமை, ராயல்டிப் பங்கு, யாருக்கேனும் நடக்க முடியாமல் போனால் கோப்பு யார் கையில் போகும் என்ற மூன்றையும் முதல் பதிப்புக்கு முன் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தடக் கோப்புகளும் நோட்டும் ஒரே வீட்டு அலமாரியில் இருந்தால், முட்டி தேய்ந்ததும் நூல் நின்றுவிடும்.

12. அச்சு

சட்டைப்பையில் நுழையும் அளவு. பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக வரட்டும், ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம்) வீணாகாது. 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள் போதும். பசை பைண்டிங் மட்டும் வேண்டாம். வெயிலில் பைக்குள் இளகி, பக்கம் உதிரும். நூல் தையல் கேளுங்கள். வரைபடம் ஒரே கறுப்பில், கோட்டின் தடிமனால் வேறுபடுத்தி. வண்ணத்தில் வரைந்ததைக் கறுப்பில் அடித்தால் ஆறும் பாதையும் ஒன்றாகிவிடும்.

13. திருத்திய பதிப்பு

முதல் பிரதி கடைக்குப் போன அன்றே பாதைக்கு ஒரு பக்கம் என்று ஒரு நோட்டுத் தொடங்குங்கள். வாசகர் சொன்னது, காவலர் சொன்னது, நீங்கள் பார்த்தது எல்லாம் தேதியோடு அதில் ஏற வேண்டும். வாசகர் சொன்னதை மட்டும் வைத்து வரியை மாற்றக் கூடாது. போய்ப் பார்த்த பிறகே.

அனுமதி, கட்டணம், நேரம், தொலைபேசி, பஸ் ஆகியவற்றை ஆண்டுதோறும் சரிபாருங்கள். இவற்றை அத்தியாயங்களுக்குள் சிதறவிடாமல் நூலின் கடைசி 16 பக்கத்தில் வைத்தால், அந்த ஒரு ஃபாரத்தை மட்டும் மாற்றி அடிக்கலாம்.

பெருமழைக்குப் பின் ஓடை கடக்கும் இடங்களை எல்லாம் நடந்து பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மாதிரியான மழை கரையை அறுத்து, கல்லைப் புரட்டி, கடக்கும் இடத்தையே மாற்றக்கூடியது. மனிதர் இடம் பெயர்ந்தாலும் வரி பழசாகிவிடும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 2024 ஜூனில் விருப்ப ஓய்வு கொடுக்கப்பட்டது. அதற்கு முன் எழுதிய ‘நாலுமுக்கில் டீ, சாப்பாடு கிடைக்கும்’ மாதிரியான வரி எதையும் போய்ப் பார்க்காமல் மறுபடி அச்சில் ஏற்றக் கூடாது.

ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தால் உரிமைப் பக்கத்தில் ‘மறு அச்சு’ என்று போடுங்கள். நடந்து சரிபார்த்தால் மட்டும் ‘திருத்திய பதிப்பு’. இடையில் ஆபத்தான பிழை தெரிந்தால் அடுத்த பதிப்புவரை காத்திராமல் பிழைதிருத்தச் சீட்டு அடித்து, கடைகளில் மிச்சமுள்ள பிரதிகளில் அந்தப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள்.

வனத்துறை மூடிய பாதையை நூலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் எண்ணை மட்டும் புதிய பாதைக்குக் கொடுக்காதீர்கள். பழைய பதிப்பை வைத்திருப்பவர் செக்போஸ்டில் ‘பதினாலாம் நம்பர் பாதை’ என்று கேட்பார், புதிய பதிப்பை வைத்திருக்கும் காவலர் வேறு மலையைக் காட்டிவிடுவார். எண் 14க்கு நேரே ‘மூடப்பட்டது’ என்ற வார்த்தையும் ஆண்டும் மட்டும் இருக்கட்டும்.